சென்னையிலிருந்து ஒரு ராத்திரி மலையில்: ஏலகிரியா, ஜவ்வாதா, நாகலாபுரமா?

சனிக்கிழமை விடியற்காலை சென்னையை விட்டுக் கிளம்ப வேண்டும். அன்று இரவு மலையில் கூடாரம் போட்டுத் தூங்க வேண்டும். ஞாயிறு ராத்திரி வீடு திரும்பி, திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். இந்தக் கணக்குக்குள் அடங்குகிற மலை எது என்று என் தம்பி கேட்டான். தம்பி, அவன் மனைவி, ஆறு வயதிலும் பதினோரு வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே அறுபத்தெட்டு வயது அம்மா. யாரும் அதுவரை கூடாரத்தில் படுத்ததில்லை. அவனுக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மலையைத் தேர்ந்தெடுக்கும்போது பலர் முதலில் உயரத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம் அருவி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு. மாலை நாலு மணிக்குள் அங்கே போய்ச் சேர முடியுமா? கூடாரம் அடிக்கப்போகும் நிலம் யாருடையது? இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைக்காத இடத்துக்குக் குடும்பத்தோடு போகக் கூடாது. ஜனவரியில் ஆறு மணிக்குப் பொழுது சாய்ந்துவிடும். இருட்டில் டார்ச் பிடித்துக்கொண்டு, கல் பொறுக்கி, முளை அடித்து, அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்து முதல் கூடார இரவைத் தொடங்கினால் அந்தக் குடும்பம் இரண்டாம் முறை வராது.

நிலம் பற்றிய கேள்வி இன்னும் முக்கியமானது. நம் பக்கத்து மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அதற்குள் நுழைவதே குற்றம், இரவு தங்குவதைக் கேட்கவே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் சென்னையிலிருந்து போன குழுவும் இருந்தது. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் முன்பதிவு செய்ய வழி செய்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். நல்ல ஏற்பாடு. ஆனால் அது பகல் நடைக்கானது, காட்டுக்குள் படுத்து எழுவதற்கானது அல்ல. ஆகவே கூடாரம் என்றால் பட்டா நிலம் என்று புரிந்துகொள்ளுங்கள்: தோட்டம், பண்ணை, தங்குமிடத்தின் முற்றம், அல்லது கிராமத்தில் ஒருவர் தன் வயலோரத்தில் கொடுக்கிற இடம். 'காட்டுக்குள்ளேயே டென்ட் போட்டுத் தருகிறோம்' என்று யாராவது விளம்பரம் செய்தால் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மிக அருகில் இருக்கும் மலை முதலிலேயே விழுந்துவிடுகிறது. அதுதான் நாகலாபுரம். செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாக ஆந்திர எல்லையைத் தாண்டினால் இரண்டரை மணி நேரத்துக்குள் மலையடிவாரம். சென்னையில் மலையேற்றப் பழக்கம் வளர்ந்ததே இங்கேதான் என்று சொல்லலாம். பாறைகளுக்கு நடுவே ஓடை, அடுத்தடுத்து தெளிந்த நீர்க்குட்டைகள், தலைக்கு மேலே செங்குத்தான பாறைச் சுவர். கண் கொள்ளாத அழகு. எனக்கும் மலையேற்றம் அங்கேதான் தொடங்கியது.

இருந்தாலும் இரவு தங்க அதைச் சொல்லமாட்டேன். அந்த மலை வெறும் பாறை. மேலே எங்கோ ஒரு மணி நேரம் மழை கொட்டினால் மண்ணில் இறங்காமல் அத்தனை தண்ணீரும் ஓடைக்கு வந்துவிடும். நீங்கள் படுத்திருக்கும் இடத்தில் ஒரு துளி மழைகூட விழுந்திருக்காது. கூடாரம் அடிக்கச் சமமான இடம் என்று கண்ணில் படுவதெல்லாம் ஓடைக் கரை மணல்தான், தண்ணீர் வந்தால் முதலில் போவதும் அதுதான். அதோடு அந்த வட்டாரம் செம்மரக் காடு. கடத்தலைத் தடுக்க ஆயுதப் படையினர் இரவில் ரோந்து போகும் பகுதி. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை நாம் மறந்துவிடக் கூடாது. அவர்களில் ஜவ்வாது மலைக் கிராமங்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்ட காட்டில் அனுமதி இல்லாமல் ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு திரிவது விளையாட்டு இல்லை. நாகலாபுரம் போக ஆசையென்றால் முறையான அனுமதியோடு, மழை இல்லாத மாதத்தில், காலை போய் மாலைக்குள் திரும்பிவிடுங்கள். நீச்சல் தெரியாதவர்கள் குட்டைகளில் இறங்க வேண்டாம். ஓரத்தில் முழங்கால் அளவு தெரியும் தண்ணீர் இரண்டடி தள்ளி ஆளை முழுக்கும்.

ஏற்காடும் கொல்லிமலையும் இந்தப் பட்டியலில் வரவேண்டியவைதான், ஆனால் தூரம் இடிக்கிறது. சேலமே சென்னையிலிருந்து சுமார் 340 கிலோமீட்டர். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. கொல்லிமலைக்கு வளைவுகள் மட்டும் 70. சனிக்கிழமை முழுவதும் வண்டியில் கழிந்துவிடும். மூன்று நாள் விடுமுறை கிடைத்தால் ஏற்காட்டின் காபித் தோட்டங்களுக்கு நடுவே கூடாரம் போடுவது அருமையான அனுபவம். அதிலும் மே மாதத்தில் சென்னை வெந்துகொண்டிருக்கும்போது நாம் பேசுகிற மலைகளில் இரவில் உண்மையாகவே குளிர்கிற இடம் ஏற்காடுதான். இரண்டு நாள் பயணத்துக்கு அது வேண்டாம்.

சரி, மிஞ்சுவது ஏலகிரியும் ஜவ்வாதும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து மலைகள். இரண்டிலும் காலங்காலமாக வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுவிட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இவர்கள் பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இவர்களிடையே வழங்கும் கதை. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் இருப்பவர்களும் இதே மக்கள்தான். போகும் வழியும் வாணியம்பாடி வரை ஒன்றே. பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, வேலூர், ஆம்பூர் என்று போகலாம். ஆம்பூரைத் தாண்டும்போது சீரகச் சம்பா பிரியாணி பார்சல் வாங்கிக்கொண்டால் மதியச் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது. இவ்வளவு நெருக்கமாக இருந்தும் இரவு என்று வந்துவிட்டால் இரண்டு மலைகளும் முற்றிலும் வேறு.

ஏலகிரி சென்னையிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர். ஜோலார்பேட்டைப் பக்கத்துப் பொன்னேரியில் திரும்பினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பெயர்ப் பலகைகளைப் படிக்கச் சொல்லிக்கொண்டே ஏறினால் வயிற்றைப் புரட்டுவதுகூடத் தெரியாது. மேலே சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் ஒரு தட்டு போலப் பரந்த நிலம், அதில் அத்தனாவூர், மங்களம், நிலாவூர் என்று சிறு ஊர்கள். ஏலகிரியின் பெரிய பலம் ரயில். காலையில் சென்ட்ரலிலிருந்து கிளம்பும் பெங்களூரு ரயில்கள் பல ஜோலார்பேட்டையில் நிற்கும். மூன்று மணி நேரத்துக்குச் சற்று முன்னே பின்னே. அங்கிருந்து மலை உச்சி 20 கிலோமீட்டர்தான், பஸ்ஸும் ஆட்டோவும் உண்டு. கார் இல்லாதவர்களுக்கும், நெடுநேரம் காரில் உட்கார முடியாத பெரியவர்களுக்கும் இதைவிட எளிதான மலை சென்னைக்கு அருகில் இல்லை.

அங்கே கூடாரம் என்பது பெரும்பாலும் தங்குமிடங்களின் புல்வெளியில் அவர்களே அடித்து வைத்திருக்கும் கூடாரம். பத்தடி தூரத்தில் கழிவறை, காலையில் இட்லி, பொங்கல். மருந்துக் கடை இருக்கிறது, போனுக்கு சிக்னல் இருக்கிறது. ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கீழே திருப்பத்தூருக்கு இறங்கிவிடலாம். மங்களம் கிராமத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு ஏறும் பாதை நல்ல நடை. நான் சொன்ன அரசுத் திட்டத்தில் அதுவும் இருக்கிறது. பதினோரு வயதுப் பிள்ளை தாராளமாக ஏறும். உச்சி 1,300 மீட்டருக்கு மேல். அங்கே நின்று கீழே பார்த்தால் சமவெளியின் வயல்களும் ஏரிகளும் துண்டு துண்டாகத் தெரியும்.

ஆனால் வார இறுதி ஏலகிரியின் இரவு எனக்குப் பிடிக்கவில்லை. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு தங்குமிடத்தில் 'மலைக் கூடாரம்' என்று பதிவு செய்துகொண்டு போனோம். பெயர் வேண்டாம். வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய சிமென்ட் தரையில் பன்னிரண்டு கூடாரங்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டடிகூட இல்லை. கேம்ப்ஃபயர் என்று ஸ்பீக்கரில் பாட்டு போட ஆரம்பித்தார்கள், பதினொன்றரை மணி வரை ஓயவில்லை. தலைக்கு மேலே விடிய விடிய ஒரு சோடியம் விளக்கு. என் மகள் துப்பட்டாவைக் கண்ணில் கட்டிக்கொண்டு தூங்கினாள். நகரத்து இரைச்சலை விட்டு ஓடிவந்து, அதே இரைச்சலை மலையில் காசு கொடுத்து வாங்கியது மனதை மிகவும் உறுத்தியது. ஏலகிரியில் எல்லா இடமும் இப்படி இல்லை. அத்தனாவூரின் கடைத்தெருவை விட்டு விலகி நிலாவூர் பக்கம் போனால் அமைதியான தோட்டங்கள் இருக்கின்றன. பதிவு செய்யும் முன் போனில் கேட்டுவிடுங்கள்: தரை மண்ணா சிமென்டா, மொத்தம் எத்தனை கூடாரம், பாட்டு எத்தனை மணிக்கு நிற்கும், விளக்கை அணைப்பீர்களா. கடைசிக் கேள்விக்கு எதிர்முனையில் ஆச்சரியப்பட்டால் வேறு இடம் தேடுங்கள்.

ஜவ்வாது மலைக்கு வாணியம்பாடியில் பிரிந்து ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகலாம். திருவண்ணாமலைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு போளூர் வழி. சென்னையிலிருந்து எப்படிப் போனாலும் நடுவில் நிற்பதையும் சேர்த்து ஐந்தரை, ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் வசதி இல்லை. போளூரிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் பஸ் உண்டு, ஆனால் மூட்டை முடிச்சோடு கிராமத்து உட்புறம் போக உங்கள் வண்டி இருப்பதுதான் வசதி. சொந்தக் காரில் போய்வர 500 கிலோமீட்டர் வரை ஆகும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியென்றால் 33 லிட்டர். நாலு பேர் பகிர்ந்துகொண்டால் பெரிய செலவில்லை. தங்குவதற்கான செலவு ஏலகிரியைவிடக் குறைவு.

உயரத்தில் ஜவ்வாது ஏலகிரிக்குக் கீழேதான். காவலூர் 725 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆக, ஏலகிரியில் சமவெளியைவிட ஏழு டிகிரி குறைகிறது என்றால் காவலூர்ப் பக்கம் நாலரை, ஐந்துதான். குளிருக்காக மட்டும் போகிறவர்களுக்கு ஜவ்வாது ஏமாற்றம் தரும். நான் அங்கே திரும்பத் திரும்பப் போவது இருட்டுக்காக.

இருட்டு என்று நான் சொல்வது சும்மா இல்லை. 1960-களில் வானியலாளர் வைணு பாப்பு, தெற்கு வானமும் தெரிய வேண்டும், நகர வெளிச்சமும் எட்டக் கூடாது என்று வானியல் ஆய்வகத்துக்குத் தென்னிந்தியாவில் இடம் தேடி, கடைசியில் தேர்ந்தெடுத்தது ஜவ்வாது மலையின் காவலூரைத்தான். அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியால்தான் 1977-ல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயம் பதிவானது. உலகில் அதைப் பதிவு செய்த சில இடங்களில் காவலூரும் ஒன்று. 1986-ல் 2.3 மீட்டர் தொலைநோக்கி வந்தது, இன்று அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆய்வகத்துக்குப் பார்வையாளர்களை விடும் நாளும் நேரமும் குறிப்பிட்டவை. கிளம்பும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். இரவில் அந்தப் பகுதியைக் கடக்கும்போது வண்டியின் ஹை பீம் வேண்டாம். அவர்கள் பிடிப்பது பல கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த மங்கலான ஒளியை.

தை மாதத்து அமாவாசையை ஒட்டிய இரவில், ஒன்பது மணிவாக்கில், அங்கே வயல்வெளியில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். உச்சிக்குப் பக்கத்தில் கார்த்திகை மீன்கள் கொத்தாக, அதற்குக் கிழக்கே மிருகசீரிடமும் சிவந்த திருவாதிரையும். தெற்கே, மலைவிளிம்புக்குக் கொஞ்சம் மேலே தனியாகப் பளிச்சென்று நிற்பது அகத்திய நட்சத்திரம். இமயமலைக்குப் போனால் அது அடிவானத்தை ஒட்டியே கிடக்கும், நமக்குத்தான் இவ்வளவு எழும்பி வருகிறது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால் தெற்கே திரிசங்கு தெரியும். பஞ்சாங்கத்தில் பெயராக மட்டும் கேட்டிருந்த நட்சத்திரங்களை என் மகள் முதல்முறை விரல் நீட்டிக் காட்டியது அங்கேதான். பௌர்ணமியை ஒட்டிப் போனால் இதெல்லாம் கிடைக்காது. காலண்டரைப் பார்த்துத் தேதி குறியுங்கள்.

பகலில் பீமன் அருவி, கோமுட்டேரியில் படகு என்று சில இடங்கள் உண்டு. மழை ஓய்ந்து இரண்டு மாதம் கழித்துப் போனால் அருவியில் தண்ணீர் நூல் போலத்தான் விழும், அதற்காகவென்று போக வேண்டாம். அதைவிட ஊருக்குள் நடப்பது நல்லது. சாமை வயல்கள், புளிய மரங்கள், பருவத்தில் பலாவும் சீத்தாப்பழமும். தேனும் சாமை அரிசியும் அங்கேயே வாங்குங்கள், நாம் கொடுக்கும் காசு நேராக விளைவித்தவர் கைக்குப் போகும். நாங்கள் தங்கும் வீட்டு அம்மா சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் வைத்துத் தருவார். முதல் தடவை போனபோது, படுக்கப் போகும் முன் வந்து எங்கள் அடுப்புக் கல்லைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "தம்பி, சாம்பலுக்கு அடியில கங்கு இருக்கு. தண்ணி ஊத்திட்டுப் படுங்க. காத்து கிளம்புச்சுன்னா மலைக்கே போயிரும்" என்றார். அதிலிருந்து எங்கே போனாலும் சாம்பலைக் கையால் தொட்டுச் சூடில்லை என்று பார்த்த பிறகுதான் படுக்கிறேன்.

ஜவ்வாதின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பல இடங்களில் சிக்னல் கிடையாது. கழிவறை வீட்டுக்காரரின் புழக்கடையில் இருக்கும், ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு மலையிறங்கி நெடுந்தூரம் போக வேண்டும். கரடி நடமாட்டம் உள்ள மலை என்பதால் பொழுது சாய்ந்தபின் காட்டோரம் போகக் கூடாது, சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. காலையில் செருப்பையும் ஷூவையும் தட்டிப் பார்த்துப் போட வேண்டும், தேள் இருக்கும். இதையெல்லாம் ஏற்றுக்கொள்ள முடியாதவரை வற்புறுத்தி அழைத்துப் போவது நியாயமில்லை.

பருவம் இரண்டு மலைகளுக்கும் ஒன்றுதான். அக்டோபரிலிருந்து டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவமழை. பிப்ரவரி பாதிக்கு மேல் புல் காய்ந்து தீ அபாயம் தொடங்கிவிடும், வனத்துறையும் நடைபாதைகளை மூடும். இடையில் கிடைப்பது மார்கழியும் தையும். அப்போது மழை இல்லை, ஆனால் பனி கொட்டும். மழை இல்லையே என்று கூடாரத்தின் மேல்விரிப்பைப் போடாமல் விடுகிறவர்கள் விடியும்போது நனைந்து எழுவார்கள். மேல்விரிப்பு போட்டு, காற்றுக்கான ஜன்னலைப் பாதி திறந்து வையுங்கள். முழுக்க மூடினால் நம் மூச்சே உள்ளே நீராகச் சொட்டும். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்து அதிகம் வரும். இரண்டு கம்பளி போர்த்துவதைவிட, ஒன்றைக் கீழே விரித்து ஒன்றைப் போர்த்துவது மேல். முதல் முறைக்குக் கூடாரம் வாங்காதீர்கள், சென்னையில் வாடகைக்குக் கிடைக்கிறது. எடுத்து வந்ததும் மொட்டை மாடியில் ஒரு தடவை அடித்துப் பழகிவிடுங்கள்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். அம்மாவும் சின்னவனும் இரண்டு பேரும் கூடாரத்தில்தான் படுக்க வேண்டும் என்றால் ஏலகிரி, அதுவும் ரயிலில், நிலாவூர்ப் பக்கம். அம்மாவுக்கு ஒரு கட்டில் கிடைத்தால் போதும், மற்றவர்கள் வெளியே படுக்கலாம் என்றால் ஜவ்வாது. நண்பர்களாகச் சேர்ந்து போகிறவர்களுக்கு நான் யோசிக்கவே மாட்டேன், ஜவ்வாதுதான். தம்பி அம்மாவையே கேட்டுவிட்டான். வீட்டுக்குள் கட்டில், வாசலில் கூடாரம் என்று ஜமுனாமரத்தூர் பக்கம் போனார்கள். ராத்திரி பத்து மணிக்கு அம்மா கட்டிலை விட்டு எழுந்து வந்து வாசல் திண்ணையில் உட்கார்ந்து, பேரனுக்குக் கார்த்திகைப் பெண்கள் கதை சொன்னாராம்.

திரும்பும் நேரம் பற்றி ஒன்று. ஞாயிறு மதியம் ஒரு மணிக்குள் மலையிறங்கத் தொடங்குங்கள். மூன்று மணிக்கு இறங்கினால் வாலாஜாவுக்கு இந்தப் பக்கம் எல்லா வண்டியும் ஒன்றாகச் சேரும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பூந்தமல்லி வருவதற்கே ஒரு மணி நேரம் போய்விடும்.